பளிங்கை அறிதலும் மதித்தலும்

மண்ணியம் (சிலிக்கான்) என்னும் தனிமத்தின் ஓர் அணுவுக்கு உயிர்வளியின் ஈரணு என்ற அளவில் இணைந்து, ஒழுங்கு பிறழாத அடுக்கில் அமைந்த கனிமமே பளிங்கு. மேலைநாட்டு நூல்கள் இதனைக் குவார்ட்சு என்று வழங்கும். கொங்கு நாட்டு உழவர் தம் மேட்டுக்காடுகளில் வெள்ளைவெளேரெனக் கிடக்கும் இதன் ஒளிபுகாத் துண்டுகளை வெங்கச்சங்கல் என்பர். தெளிந்து ஒளி புகும் வகையைப் பண்டைத் தமிழர் பளிங்கு என்றனர். நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளுள் பளிங்கு மணிகளும் உள. அப்பெயரை இன்று தரையிற் பதிக்கும் சலவைக்கல்லுக்கு இட்டு வழங்குகிறோம். சலவைக்கல் சுண்ணாம்பின் வழிவந்தது. பளிங்கோ மண்ணியத்தின் வழிவந்தது. பெயர் குழம்பின் பொருளும் குழம்பும் ஆதலின், அச்சொல்லை அதற்குரிய கல்லுக்கே மீட்டளித்தல் நம் கடன்.

பெரிய பளிங்குக்கல் ஒன்று கைக்கு வந்தால், அது திரளா, மணியுருவா என்பதை முதற்கண் வகுத்தறிதல் வேண்டும். அணுக்களின் உள்ளொழுங்கு தட்டையான முகங்களாகப் புறத்தே வெளிப்பட்டு நிற்கும் வடிவை மணியுரு என்போம். நிலத்தின் ஆழத்தில் மண்ணியம் கரைந்த வெந்நீர் பாறைப் பிளவுகளில் ஏறிக் குளிரும்போது, வெற்றிடம் இருப்பின் பளிங்கு அறுமுகப் பட்டகமாக வளர்ந்து கூர்முனையில் முடியும்; இடமின்றி நெருக்குண்டால் உருவற்ற திரளாக உறையும். அவ்வாறு உறைகையில் நுண்ணிய நீர்ப்பொதிவுகள் எண்ணிறந்து சிறைப்பட்டமையே வெங்கச்சங்கல்லின் பால்வெண்மைக்குக் காரணம். பட்டகத்தின் அடுத்தடுத்த முகங்கள் இரண்டு தம்முள் 120 பாகை கொண்டு நிற்கும். கல் விரலளவினதாயினும் ஆளுயரத்ததாயினும் இக்கோணம் மாறாது. தென்மார்க்கு நாட்டறிஞர் இசுட்டெனோ 1669-இல் இந்நெறியை வெளியிட்டார். மணியுருக்களைப் பற்றிய அறிவியல் இங்கிருந்தே கிளைத்தது.

உருவற்ற திரளை இனங்காணுதலே அரிது. அதற்கு வன்மையும் முறிவும் துணையாம். மோசு என்பார் வகுத்த பத்துப் படிகளுள் பளிங்கின் வன்மை 7. எஃகுக் கத்தியால் அதனைக் கீற இயலாது. அதுவோ கண்ணாடியைக் கீறும். ஆயினும் இவ்வொன்றை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. சிதைந்து களிமண்ணாகும் இயல்பால் நாம் களிக்கல் எனப் பெயரிடத்தகும் மற்றொரு வெண்கல் (பெல்சுபார்), 6 என்னும் வன்மையுடன் கண்ணாடியைக் கீறவே செய்யும். களிக்கல் உடையும்போது ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரு பிளவுப்பரப்புகள் மின்னும். பளிங்குக்கோ அத்தகைய பிளவுப்பரப்பு இல்லை, கிளிஞ்சலின் உட்புறம் போல வளைந்து முறியும். சுண்ணக்கல் நீர்த்த காடி பட்டால் நுரைக்கும், பளிங்கு நுரையாது. இம்மூன்று ஆய்வுகளுக்கும் சிறு சில்லே போதும். அதனை முன்பே உடைந்துள்ள பக்கத்திலிருந்து எடுக்கவேண்டுமேயன்றி நன்முகத்தின் மேல் சுத்தியலை ஓங்கலாகாது.

அடர்த்தியை அளக்கத் தராசும் நீர்த்தொட்டியும் போதும். வெளியில் 26.5 கிலோ நிற்கும் கல் நீருள் மூழ்கித் தொங்குகையில் 16.5 கிலோ காட்டினால், இழந்த 10 கிலோவால் முன்னதை வகுக்க 2.65 வரும், அதுவே பளிங்கின் அடர்த்தி. களிக்கல்லும் சுண்ணக்கல்லும் இதனை ஒட்டியே நிற்பதால், இவ்வெண் பிற சான்றுகளுக்குத் துணைநிற்குமேயன்றித் தனித்து முடிவு கூறாது.

இனி மதிப்பு. எடையே விலையென எண்ணுதல் பெரும்பிழை என்பேன். பால்வெண்திரள் எத்துணைப் பெரிதாயினும் கண்ணாடி ஆலைக்கும் உலைக்கும் மூலப்பொருளாக டன் கணக்கில் விலைபோவதே. அவ்வகையிலும் தூய்மை மதிப்பை உயர்த்தும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இசுப்புரூசு பைன் என்னுமிடத்துப் பளிங்கு, மின்னணுச் சில்லுக்குரிய மண்ணியத்தை உருக்கும் கலங்கள் செய்யப் பயன்படுவது அதன் தூய்மையால்தான். காட்சிக்குரிய மணியுருவில் அளவுகோல் வேறு. முனைகள் உடையாதிருத்தல், முகங்களின் பளபளப்பு, உட்தெளிவு, மணிகள் குழுவாக அமைந்த அழகு, தாய்ப்பாறையோடு ஒட்டி நிற்றல் ஆகியவையே விலையை ஆக்கும்; முனையில் ஒரு சிறு சிதைவு விலையைப் பெரிதும் வீழ்த்திவிடும். நிறமும் மதிப்புத் தரும். இரும்புக் கலப்பும் இயற்கைக் கதிர்வீச்சும் செவ்வந்திக்கல்லின் ஊதாவைத் தந்தன, அலுமினியக் கலப்பு அதே கதிர்வீச்சால் புகைநிறம் தந்தது. ஆயின் சூடேற்றியும் சாயமேற்றியும் நிறம் மாற்றுவோர் உளராதலின், விரிசல்களில் மட்டும் செறிந்த நிறத்தைக் கண்டால் வாங்குவோர் ஐயுறுக.

தோன்றிய இடத்தின் வரலாறும் விலையின் ஒரு கூறே. 1868-இல் சுவிட்சர்லாந்தின் தீபன் பனியாற்றருகே மலைப்பிளவொன்றில் கண்டெடுத்த கரும்புகைப் பளிங்குகள் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவற்றுள் அரசன் எனப் பெயர்பெற்றது நூறு கிலோவுக்கும் மேற்பட்டது. எங்கே, எந்த ஆண்டு, எந்தப் பிளவில் கிடைத்தது என்பது எழுதப்பட்டிருப்பதால் அது ஆய்வுக்கும் சான்றாகிறது. நம் தஞ்சையை அடுத்த வல்லத்தில் பளிங்கைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்தனர். அக்கல்லுக்கு ஊரின் பெயரே புகழாயிற்று.

ஆகவே, பெருங்கல் ஒன்று உங்களுக்குக் கிடைப்பின், அதனைக் காடியால் கழுவுமுன், விலை கேட்குமுன், கிடைத்த ஊரையும் நாளையும் உடன்கிடந்த பாறையையும் ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வைத்துவிடுங்கள்.