பஸ்ஸா, ரயிலா: எது மலிவு?

நகரப் போக்குவரத்தில் பஸ் மலிவு, ரயில் செலவு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். அது பாதி உண்மையே.

செலவு இருவகைப்படும். முதலாவது, அமைக்கும் செலவு. பஸ்ஸுக்கு வீதி ஏற்கனவே உண்டு. ரயிலுக்கோ தண்டவாளம், பாலம், நிலையம் யாவும் புதிதாக வேண்டும். அதனாலேயே பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரம் 1974இல் பஸ்களுக்கெனத் தனிப்பாதை ஒதுக்கிக் குறைந்த செலவில் சேவையைத் தொடங்கியது.

இரண்டாவது, நாளாந்தம் ஓட்டும் செலவு. ஆயிரம் பேரை ஏற்றிச்செல்ல ஒரு நீண்ட ரயிலும் ஒரு சாரதியும் போதும். பஸ் என்றால் பத்துக்கு மேல் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாரதி வேண்டும். ரயில் பெட்டிகள் பஸ்ஸைவிட நீண்டகாலம் உழைக்கும். எனவே பயணிகள் பெருகப் பெருக, தலைக்கு விழும் ரயில் செலவு குறையும். கூட்டமில்லாத பாதையிலோ கடன்தான் மிஞ்சும்.

ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட கொழும்பு–மாலபே இலகு ரயில், செலவு அதிகமெனக் கூறி 2020இல் கைவிடப்பட்டது. ஆனால் நெரிசலில் தினமும் வீணாகும் எரிபொருளும், மாணவரும் பெற்றோரும் இழக்கும் நேரமும் செலவுதானே?

ஆகவே, எது மலிவு என்று கேட்குமுன், அந்தப் பாதையில் எத்தனை பேர் பயணிக்கின்றனர் என்று கேட்போம்.