பிடிச்சா விடக் கூடாது!

ராத்திரி ஒண்ணரை மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் 'டொக்'கென்று ஒரு சத்தம். திருடன்தான் என்று அம்மா டார்ச் லைட்டை எடுத்துவிட்டாள். நான் மட்டும் போர்வைக்குள் அசையாமல் கிடந்தேன். பயம் இல்லை சார்... உடைந்தது என்ன என்று எனக்குத் தெரியும். இருநூற்று எண்பது ரூபாய்!

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் தாத்தா காலத்து ஊஞ்சல் ஒன்று தொங்குகிறது. ஐந்தடி நீளம், ஒன்றரை அங்குல கனம். இரண்டு தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி ஒன்றாக்கியது. மூன்று தலைமுறையைத் தாலாட்டிய களைப்பில் நடு ஒட்டு விட்டுப் போய், நீளவாட்டில் பிளந்துகொண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஏழாம் மாசம். மூன்று வாரத்தில் வளைகாப்பு. பிறகு பிரசவம் வரை இங்கேதான்.

"பிள்ளைத்தாச்சி வந்து முதல்ல ஊஞ்சல்லதான் உக்காருவா. அதைச் சரி பண்ணுடா" என்றாள் அம்மா.

தெருக்கோடியில் ஆசாரி இருக்கிறார். கூப்பிட்டிருக்கலாம். ஆனால், ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் நாள் முழுக்க லெட்ஜரைக் கூட்டிக் கழிக்கிற எனக்கு, வாழ்க்கையில் ஒரு முறையாவது கையால் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. பலகையை ஒட்ட என்ன வேண்டும்? ஃபெவிகால் வேண்டும். ஒட்டினது காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் வேண்டும். அவ்வளவுதானே!

ஆபீஸ் விட்டதும் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். 'எஃப்' எழுத்து மாதிரி இருக்கும் கிளாம்ப். ஒரு நீளச் சட்டம், மேலே அசையாத தாடை, கீழே நகரும் தாடை, அதில் ஒரு திருகு. ஒன்று 280 ரூபாய். ஆறு வாங்கினேன். 1,680 ரூபாய். பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டரும் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். தூரத்தில் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்தபோது, அதைக் கட்டியவர்களின் வாரிசு நான்தான் என்று ஒரு நினைப்பு!

அன்று ராத்திரிதான் அந்த 'டொக்'.

காலையில் போய்ப் பார்த்தால், ஒரு கிளாம்பின் தாடை இரண்டு துண்டு. இன்னொன்றில் திருகின் மரை வழுக்கி, சும்மாவே சுற்றியது. மிச்சத்தில் இரண்டு நழுவித் தளர்ந்து கிடந்தன. பலகை வாழைப்பழம் மாதிரி வளைந்து ஒட்டியிருந்தது. நடுவில் நயா பைசா நுழைகிற சந்து. அம்மா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மூவாயிரம் ரூபாய் பிடி

ரோஷம் வந்துவிட்டது. நல்ல கிளாம்ப் எது என்று தேடினேன். ஜெர்மனியில் பெஸ்ஸி என்று ஒரு கம்பெனி. 1889-ல் ஸ்டுட்கார்ட்டில் ஆரம்பித்தவர்கள். 1936 முதல் கிளாம்ப் செய்கிறார்கள். விலை? நான் ஆர்டர் போட்ட ஒன்று மூவாயிரத்தைத் தொட்டது. என் ஆறு கிளாம்பின் மொத்த விலையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு! பி.எஃப். லோன் போடலாமா என்று யோசித்து, கடைசியில் இரண்டு வாங்கினேன். ஆபீஸில் யாரிடமும் விலையைச் சொல்லவில்லை.

இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காசு எங்கே போகிறது என்று புரிந்தது.

முதலில் தாடை. மலிவு ரகத்தில் சாதாரண வார்ப்பிரும்பு. அழுத்தம் ஏறினால் வளையாது. பிஸ்கட் மாதிரி ஒடியும். விலை கூடிய ரகத்தில் அதே வார்ப்பிரும்பைப் பதமாகக் காய்ச்சி, ஒடியாத குணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடுத்தது சட்டம். நகரும் தாடை எப்படி ஓரிடத்தில் நிற்கிறது தெரியுமா? பூட்டு, ஆணி எதுவும் கிடையாது. திருகை இறுக்கும்போது தாடை லேசாகச் சாய்ந்து, தன் துளையின் ஓரத்தால் சட்டத்தைக் கவ்வுகிறது. நல்ல கிளாம்பில் சட்டத்தின் ஓரத்தில் வரி வரியாகப் பல் இருக்கும், துளையும் கச்சிதம். மலிவில் சட்டம் வழவழ, துளை லொடலொட. அதுதான் நடு ராத்திரியில் நழுவியது.

மூன்றாவது திருகு. நல்லதில் மரை கனமாக, பட்டையாக இருக்கும். நுனியில் உள்ள வட்டத் தகடு எந்தப் பக்கமும் திரும்பி மரத்தோடு படியும். என் 280 ரூபாயில் அந்தத் தகடு முதல் நாளே கழன்று, அம்மாவின் கோலப்பொடி டப்பாவுக்கு மூடியாகிவிட்டது.

யானை கணக்கு

கணக்கெழுதுகிறவன் ஆயிற்றே, ஒரு கணக்கும் போட்டேன். தேக்கு மாதிரி மரத்தை ஒட்ட, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாவது அழுத்தம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் பலகையின் ஒட்டுப் பரப்பு 60 அங்குலத்துக்கு ஒன்றரை. அதாவது 90 சதுர அங்குலம். மொத்தம் 9,000 பவுண்டு. நாலு டன்! ஒரு யானையைத் தூக்கிப் பலகைமேல் நிறுத்துகிற சமாச்சாரம். நல்ல கிளாம்ப் ஒன்று ஐந்நூறு கிலோ சொச்சம் அழுத்தும். அப்படியானால் எட்டு வேண்டும். எட்டு மூவாயிரம் இருபத்திநாலாயிரம். அந்தக் காசுக்குப் புது ஊஞ்சலே வாங்கிவிடலாமே!

வெட்கத்தை விட்டு, கால் கிலோ பால்கோவாவோடு ஆசாரி வீட்டுக்குப் போனேன்.

ஆசாரி வந்தார். பலகையைப் பார்த்தார். உடைந்த கிளாம்பைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, கிளாம்ப் மேல தப்பில்ல. ரெண்டு பலகையும் சேர்றதுக்கு முன்னாடியே சண்டைல இருக்கு. நீங்க கட்டாயக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க."

"நாலு டன் அழுத்தணுமாமே அண்ணாச்சி?"

"சந்து இருந்தா நாப்பது டன்னும் வேணும்தான்" என்று சிரித்தார்.

நான் ஒட்டியதைப் பிரித்து, பழைய பசை முழுவதையும் இழைத்துத் தள்ளினார். காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் பிடிக்காதாம். இழைப்புளியால் நிதானமாக ஓர் இழை, பார்வை. மறுபடி ஓர் இழை, பார்வை. பிறகு இரண்டு பலகையையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. "இப்ப கையால அமுக்கினாலே சேருது பாருங்க. இனிமே கிளாம்புக்கு, சேர்ந்ததைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலை மட்டும்தான்."

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்று தின்னர் தொட்டுத் துடைத்தார். பிறகுதான் ஃபெவிகால்.

என் மலிவுக் கிளாம்ப்களைத் தூக்கி எறியப் போனேன். தடுத்துவிட்டார். முக்கோண அரத்தை எடுத்து, மிச்சமிருந்த நாலின் சட்டத்திலும் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டார். வழவழ சட்டத்துக்குப் பல் முளைத்தது! "இனிமே நழுவாது. ஆனா கையால திருகுறதோட நிறுத்திக்கணும். கைப்பிடில பைப்பு மாட்டித் திருகினா ஒடியும்." (நான் மாட்டியது இவருக்கு எப்படித் தெரிந்தது?)

நடுப்பகுதிக்கு ஜெர்மன் இரண்டு. ஓரங்களுக்கு நம்மூர் நாலு. ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டதால்தான் என் பலகை வாழைப்பழமானதாம். இரும்பு நேராகப் பட்டால் மரத்தில் பள்ளம் விழும், பசை ஈரத்தில் கறையும் பிடிக்கும் என்று, இடையில் காகிதமும் ரீப்பர் துண்டும். ஒட்டு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கியதும், "போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிளாம்பே இல்லாத காலத்துல என்ன அண்ணாச்சி பண்ணினாங்க?"

"ஆப்புதான். அடியில ஒரு பலகை, ரெண்டு பக்கமும் கட்டையை ஆணியடிச்சு, நடுவுல ஜோடி ஆப்பு வெச்சுத் தட்டினா நீங்க வாங்கினதை விட நல்லாவே இறுக்கும். ஆடிப்பூரத் தேரைப் பாக்குறீங்கள்ல? மரத்துக்குள்ள மரத்தைச் சொருகி ஆப்பு வெச்சுத்தான் தேர் செய்யுறது எங்க வழக்கம். சின்னச் சாமானுக்கு சைக்கிள் டியூபைக் கிழிச்சு இழுத்துச் சுத்துங்க, போதும்."

உங்களுக்குச் சில வரிகள்

ஃபோட்டோ பிரேம், பூஜை அலமாரி, உடைந்த நாற்காலிக் கால் என்றால் மலிவு ரகமே தாராளம். கடையிலேயே நகரும் தாடையை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் அடுத்ததை எடுங்கள். திருகை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். வழியில் சிக்கினால் வேண்டாம். ஒரு கட்டையை வாங்கி இறுக்கிப் பாருங்கள். சட்டம் வில்லாக வளைந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆள் உட்காருகிற, பாரம் தாங்குகிற சாமானுக்கு நல்லதாக இரண்டாவது வேண்டும். மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. போனஸுக்கு ஒன்று என்று சேர்க்கலாம். அரம் மறக்க வேண்டாம்.

ஒரு முழு நாள் காய்ந்தது. ஒட்டை மட்டும் நம்பக் கூடாது என்று அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்தார் ஆசாரி. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும் என்பதால் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் நீளமாகவே போட்டார். பிறகு மூன்று மூட்டை சிமென்ட். 150 கிலோவை ஒரு ராத்திரி முழுக்க ஊஞ்சலில் ஏற்றி வைத்தோம். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. ஒண்ணரை மணி... இரண்டு... 'டொக்' வரவில்லை.

காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வளைகாப்பு அன்று அக்கா கை நிறைய வளையலோடு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலால் தரையை ஓர் உந்து. வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"யாருடா சரி பண்ணினது?" என்றாள்.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா, "ஆசாரிதான். ஆனா ராத்திரி முழுக்க முழிச்சுக் காவல் இருந்தது இவன்தான்... நம்ம ராஜபாளையம் நாய் தோத்துது போ!" என்றாள்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அந்த நாயும் நல்ல கிளாம்பும் ஒரே ஜாதி சார்... பிடித்தால் விடாது!