நீதிபதி யாருக்குக் கடன்பட்டவர்?

அப்பாஸிய கலீஃபா மன்சூர், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களை அழைத்துக் காஜிப் பதவியை ஏற்குமாறு பணித்தார். தாம் அதற்குத் தகுதியற்றவர் என்று மறுத்தார்கள் இமாமவர்கள். பொய் சொல்வதாகக் கலீஃபா சினந்தபோது, பொய்யன் ஒருவனைக் காஜியாக நியமிப்பது எங்ஙனம் தகும் என்று அமைதியாகத் திருப்பிக் கேட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பதவியைவிடச் சிறையே மேல் எனக் கொண்ட அப்பெருந்தகை, ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள்.

அத்தகைய பதவிக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்கும் வழக்கமும் உலகில் உண்டு. நம் நாட்டில் நீதிபதிகள் நியமிக்கப்படுகின்றனர். அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ மக்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆட்சியாளரின் தயவில் நீதிபதி வாழக்கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் மூலம் அமர்த்த முடிவு செய்து இதற்கு வழிகாட்டியது. அண்டை மாநிலமான அலபாமாவில் இன்றும் நீதிபதிகள் கட்சி வேட்பாளர்களாகவே தேர்தலில் நிற்கின்றனர்.

ஒரு பெண்மணியின் பயணம்

தெற்கு அலபாமாவில் எவர்கிரீன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் சூ பெல் காப். சட்டக்கல்வியை முடித்த 1981ஆம் ஆண்டிலேயே, 25ஆம் வயதில், மாவட்ட நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று அப்பதவியைத் தக்கவைத்துக் கொண்டார். சிறார் வழக்குகளை விசாரிப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது.

1994இல் மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து நீதிபதிகளைக் கொண்டது அந்நீதிமன்றம், பதவிக்காலம் ஆறாண்டுகள். மரண தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடுகளும் அங்குதான் விசாரிக்கப்படுகின்றன. ஜூரிகள் ஆயுள் தண்டனை போதுமென்று பரிந்துரைத்த பின்னரும், விசாரணை நீதிபதி அதனை மரண தண்டனையாக மாற்றும் அதிகாரம் அலபாமாவில் 2017 வரை இருந்தது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க வேண்டிய ஒருவரின் கையில் மனித உயிர் எத்துணை நுண்ணிய இழையில் தொங்கியது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய காப் அம்மையார், 2006இல் தலைமை நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். அலபாமாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. 2008இல் சிறார் நீதிச் சட்டம் நிறைவேற அவர் பெரிதும் உழைத்தார். பள்ளிக்குச் செல்லாமை, வீட்டைவிட்டு ஓடுதல் போன்ற சிறு பிழைகளுக்காகப் பிள்ளைகளை அடைத்து வைக்கும் வழக்கத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தியது.

வெற்றியின் விலை

ஆனால் அவ்வெற்றிக்கு அவர் திரட்டிய தேர்தல் நிதி மட்டும் சுமார் 26 இலட்சம் டாலர். இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது 80 இலட்சத்திற்கும் மேல். இத்தகைய தேர்தல்களில் நிதி வழங்குவோர் யாவர்? நாளை அதே நீதிமன்றத்தில் வழக்காட வரும் வழக்கறிஞர்களும், வழக்குகளில் சிக்கக்கூடிய நிறுவனங்களும் அவர்களுள் உண்டு.

இதன் விளைவு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெளிப்பட்டது. 5 கோடி டாலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், 2004 தேர்தலில் ஒரு நீதிபதி வேட்பாளர் வெல்வதற்காகச் சுமார் 30 இலட்சம் டாலர் செலவிட்டார். வென்ற நீதிபதி, அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டிலிருந்து விலக மறுத்தார். மூவர் எதிர் இருவர் என்ற கணக்கில் இழப்பீடு ரத்தாயிற்று. அந்த மூவருள் அவரும் ஒருவர். அவர் விலகியிருக்கவே வேண்டும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பும் ஐவர் எதிர் நால்வர் என்றே அமைந்தது!

காப் அம்மையார் பதவிக்காலம் முடியுமுன்னரே 2011இல் விலகினார். 2015இல் அவர் எழுதிய கட்டுரை பலரைத் திடுக்கிட வைத்தது. அப்பதவியை அடையத் தாம் செய்ய நேர்ந்தவற்றுக்காக வெட்கப்படுவதாக அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கையூட்டு வாங்கியதாக எவரும் அவர்மீது குற்றஞ்சாட்டவில்லை. சட்டம் அனுமதித்ததையே அவர் செய்தார். எனினும் அவருடைய மனச்சான்று அமைதியுறவில்லை. பிற்காலத்தில், சிறைகளில் முதுமையாலும் நோயாலும் வாடும் கைதிகளின் விடுதலைக்காக வாதாடும் பணியை அவர் மேற்கொண்டார்.

நமக்கான படிப்பினை

பதவியைக் கேட்டுப் பெறுபவர் அதன் பொறுப்பில் தனித்து விடப்படுவார்; கேளாமல் வழங்கப்பட்டவருக்கு இறையுதவி கிட்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. நீதிபதிகள் மூவகையினர், அவர்களுள் உண்மையை அறிந்து அதன்படியே தீர்ப்பளிப்பவர் மட்டுமே சுவனத்திற்குரியவர் என்றும் நாயகமவர்கள் எச்சரித்தார்கள்.

இமாமவர்கள் அஞ்சியது அரசரின் தயவை. காப் அம்மையார் வருந்தியது செல்வரின் தயவை. நியமனமாயினும் தேர்தலாயினும், அமர்த்தியவருக்குக் கடன்பட்ட உள்ளம் தராசை நேராகப் பிடிப்பது அரிது. இது நீதிமன்றத்திற்கு மட்டுமா பொருந்தும்? பள்ளிவாசல் நிர்வாகத்திலும், ஜமாஅத் பஞ்சாயத்திலும், வீட்டில் பிள்ளைகளின் வழக்கைத் தீர்க்கும் பெற்றோரிடத்தும் இதே அமானிதம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லுமுன், நாம் யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறோமா என்று நம் நெஞ்சை ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக!