அருவியின் எடை எத்தனை மெகாபைட்?

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தைப் பற்றித் தென்மாவட்டத்தார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா? சிவகாசியிலோ கோவில்பட்டியிலோ வேன் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு இதை வெறும் உல்லாசப் பயணிகளின் கேள்வி என்று ஒதுக்க முடியாது. மேலே மலையில் மழை வலுத்தால் கீழே தடை விதிக்கப்படும். நீர்வரத்து குறைந்தால் சில மணி நேரத்தில் நீங்கவும் செய்யும்.

இந்தப் பதிலைத் தேடிக் குற்றாலம் தொடர்பான பல இணையதளங்களைக் கைப்பேசியில் திறந்து பார்த்திருக்கிறேன். விடுதியோ, பயண முகமையோ, எதுவானாலும் முதலில் வருவது அருவியின் படம். அதுவும் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கிவரும். நிஜ அருவி இவ்வளவு நிதானமாக விழுவதில்லை. நாம் தேடிய செய்தி அதற்கும் கீழே எங்கோ காத்திருக்கும்.

ஏன் இந்தத் தாமதம்? இன்றைய கைப்பேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் 4,000, உயரவாக்கில் 3,000 என 1.2 கோடி புள்ளிகள் உள்ளன. புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வைத்தால் 3.6 கோடி பைட். கைப்பேசியே இதைச் சுருக்கி, ஏறத்தாழ 5 மெகாபைட்டாகச் சேமித்துவிடுகிறது என்று கொள்வோம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது வந்துசேர 40 நொடி ஆகும். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அருவிக்கரைக் கூட்டம் முழுவதும் ஒரே கைப்பேசிக் கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அந்த வேகம் கிடைப்பதே பெரிது. அதே படம் 200 கிலோபைட் என்றால் இரண்டு நொடிகூட ஆகாது.

படத்தைச் சுருக்கும் கலையின் வேரில் ஓர் இந்தியர் இருக்கிறார். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974-இல் ஒரு கணித முறையை வெளியிட்டார். ‘கொசைன் உருமாற்றம்’ என்று அதற்குப் பெயர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையானது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்ல, நிதி மறுக்கப்பட்டது. 1992-இல் அறிவிக்கப்பட்ட ஜேபெக் தரத்துக்கு அந்த எளிய யோசனைதான் அடித்தளம்.

ஜேபெக் செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளிகளாக எழுதாமல் அலைகளின் கூட்டாக எழுதுகிறது. மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என 64 அலைகள். எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது மட்டும் கணக்கு. பிறகு, நம் கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுண் அலைகளைச் சுழியாக்கி உதறிவிடுகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைப் படமெடுத்தால், பின்னாலிருக்கும் வானத்தின் கட்டங்களுக்கு ஓரிரு எண்களே போதும். சிற்பங்கள் நிறைந்த பகுதிக்குத்தான் செலவு அதிகம்.

அருவிக்கு வருவோம். நொறுங்கி விழும் நீரில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. வெண்மை, நிழல், பாறையின் கருமை, திவலை என ஒவ்வொன்றும் வேறு. எந்த அலையையும் எளிதில் உதற முடியாததால் கோப்பு பெருக்கிறது. போதாக்குறைக்குச் சாரல் கால மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் பொடிப்பொடியாகக் குறுணை படியும். கணினி அதையும் விவரம் என்று நம்பிச் சேமிக்கும். குற்றாலத்தின் அடையாளமான அருவிப் படம், சுருக்குவதற்கு மிகக் கடினமான வகைகளுள் ஒன்று. நீரைப் பட்டுத்துணிபோல் வழவழவென்று காட்டும் படங்கள் எளிதில் சுருங்கும் என்பது உண்மையே. ஆனால், குற்றாலத்துத் தண்ணீர் அப்படி விழுவதில்லை என்பது தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

கணினிக்குக் கடினமான இந்த இடத்தில் நம் கண் தாராளமாக நடந்துகொள்கிறது. கொந்தளிக்கும் நீரில் ஒரு திவலை இருந்ததா இல்லையா என்று யாரும் எண்ணுவதில்லை. எனவே, முகத்தை நெருங்கி எடுத்த படத்தைவிட அருவிப் படத்தின் தர அளவைச் சற்றுத் துணிந்தே குறைக்கலாம். நூற்றுக்கு 60 அல்லது 70 என்று வைத்து, கைப்பேசியில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

அதற்கு முன் செய்ய வேண்டியது அளவைக் குறைப்பது. படத்தைப் பக்கத்தில் சிறிதாகக் காட்டுவது வேறு. படத்தையே சிறிதாக்குவது வேறு. முதலாவதில் 5 மெகாபைட்டும் வந்தே தீரும். 1,080 புள்ளி அகலமுள்ள கைப்பேசித் திரைக்கு 4,000 புள்ளி அகலப் படம் எதற்கு? 1,080-க்கு 810 என்று குறைத்தாலே புள்ளிகள் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்காகிவிடும். பிறகு, கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்-பி வடிவில் சேமித்தால் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு மிச்சம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. அதற்குப் பின் வந்த ஏவிஐஎஃப் இன்னும் சிக்கனமானது. இவற்றைச் செய்ய ‘ஸ்குவூஷ்’ போன்ற இலவசக் கருவிகள் உலாவியிலேயே உண்டு. அறை வாடகையை நம்பிப் பிழைக்கும் சிறு விடுதிக்காரர்கூடச் செலவின்றிச் செய்துகொள்ளலாம். கீழே இருக்கும் படங்களை, வாசகர் அங்கு வரும்போது மட்டும் இறக்கும்படி ஒரு சொல்லைச் சேர்ப்பது தளத்தை அமைப்பவரின் வேலை.

ஓர் எச்சரிக்கை. நகலைத்தான் சுருக்க வேண்டும், மூலத்தை அல்ல. ஜேபெக் உதறிய விவரம் திரும்பாது. திறந்து திருத்திச் சேமிக்கும்தோறும் மேலும் குறையும். குற்றாலம் சித்திரசபையின் சுவரோவியங்களை யாரேனும் ஆவணமாக்கினால், இழப்பில்லாத வடிவில் முழு அளவில் ஒன்றைப் பாதுகாத்துவிட்டு இணையத்துக்குச் சிறிய நகலைத் தர வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, படமாகவே இருக்கக் கூடாத படங்களைப் பற்றி. குளிக்கத் தடை என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுகிறார்கள். எழுத்தின் கூரிய விளிம்புகளில் ஜேபெக் கறை படியும். சிறிய எழுத்துகளில் மெய்யெழுத்தின் புள்ளியே கரைந்துபோகும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களால் அதை நேரடியாகப் படிக்க இயலாது. செங்கோட்டை வழியாக வரும் கேரளத்தவர் மலையாளத்தில் மொழிபெயர்த்துப் பார்க்கவும் சிரமம். தமிழ் ஒருங்குறியில் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் ‘குளிக்கத் தடை’ என்பது இடைவெளி உட்பட 37 பைட். அந்த 5 மெகாபைட் படத்தின் இடத்தில் இதை ஒரு லட்சம் தடவைக்கும் மேல் எழுதலாம். ‘பேரருவி: குளிக்கத் தடை. காலை 8 மணி நிலவரம்.’ என்று முழுதாக எழுதினாலும் 110 பைட்டைத் தாண்டாது. பக்கத்தின் தலையில், அருவிப் படத்துக்கு மேலே, இந்த ஒரு வரியை எழுத்தாக இட்டால் போதும்; வேனை எடுப்பதா வேண்டாமா என்று கிளம்புகிறவர் வீட்டு வாசலிலேயே முடிவு செய்துகொள்வார்.