கடல் கடந்த மருத்துவக் கல்வி: கல்லூரி மாறலாமா?

கருவடிக்குப்பத்திலிருந்து சில கல் தொலைவில், கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. அங்கு இடம் கிட்டாத நம் மாணவர் சிலர் கரீபியன் தீவுகள்வரை செல்கின்றனர். சென்றபின், கட்டணச் சுமையாலோ தரத்தில் ஐயம் எழுந்தோ வேறு தீவுக் கல்லூரிக்கு மாற விழைவோரும் உளர்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட விதிகள், அதன்பின் சேர்ந்தோரைக் கட்டுப்படுத்துவன. 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் ஒரே அயல்நாட்டுக் கல்லூரியில், ஆங்கில வழியில் நிறைவுறல் வேண்டும். புதிய கல்லூரி முன்னர்ப் படித்த பாடங்களை ஏற்கலாம். தாயகம் திரும்புங்கால் நம் நாடு ஏற்குமா என்பதே வினா. உக்ரைன் போரையொட்டி 2022 செப்டம்பரில் அளிக்கப்பட்ட விலக்கிற்கூட, பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகமே வழங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. போருக்கே அவ்வளவு இறுக்கமெனில், கட்டணக் குறைவு எம்மாத்திரம்?

அமெரிக்காவிலேயே தொழில் புரிய எண்ணுவோர் கணக்கு வேறு. அவர்கள் புதிய கல்லூரிக்கு ஏற்பளித்த அமைப்பு, உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதா எனக் காண வேண்டும்.

திரும்ப எண்ணுவோர், முதற்பருவத்திலேயே ஐயம் தோன்றின், பழைய பாடங்களைச் சுமந்து செல்லாது முதலாண்டிலிருந்தே தொடங்குவது நலமென நாம் கருதுகிறோம். ஓராண்டு இழப்புத்தான். ஆணையத்திடம் எழுத்து வழி விளக்கம் பெறுமுன் புதிய கல்லூரிக்கு முன்பணம் செலுத்த வேண்டா.