சபாநாயகர் முதுகுக்குப் பின்னால் ஒரு பை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் பிக் பென் கடிகாரத்தில்தான் தொடங்குவார்கள். நமக்கு அது வேண்டாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நேரே நுழைந்து, சபாநாயகரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அதன் முதுகுப் பக்கம் வந்துவிடுவோம். அங்கே ஒரு பை தொங்குகிறது. ஆமாம், பைதான்! செங்கோலுக்கும் சரிகை அங்கிக்கும் பேர்போன இந்த இடத்தில், பொதுமக்களின் மனுவை வாங்கிக்கொள்ள ஒரு பையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

சபை நடந்துகொண்டிருக்கும்போது எந்த நேரத்திலும் ஒரு எம்.பி. எழுந்து போய், தன் தொகுதிக்காரர்கள் கையெழுத்திட்ட மனுவை அதில் போட்டுவிட்டு வரலாம். பேச்சு கிடையாது, அறிவிப்பு கிடையாது. அந்தப் பக்கம் அமைச்சர் முழங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரின் தபால் நிலையமோ பேருந்துத் தடமோ சத்தமில்லாமல் நாடாளுமன்ற ஆவணமாகிக்கொண்டிருக்கும். இது தெரிந்த நாளிலிருந்து நான் அந்தப் பையின் தீவிர ரசிகன். தொலைக்காட்சியில் சபாநாயகர் முகம் வந்தாலே கழுத்தை நீட்டி, பின்னால் பை தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிவதே இல்லை.

மனு எப்போது வாய் திறக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் ஒரு முழு நாளைச் சுற்றிவர வேண்டும். காலையிலிருந்தே வேடிக்கைதான்.

சபை கூடுவது திங்களன்று பிற்பகல் 2.30 மணிக்கு, செவ்வாயும் புதனும் காலை 11.30-க்கு, வியாழனன்று 9.30-க்கு. அதற்குச் சற்று முன் சபாநாயகர் ஊர்வலமாக வருகிறார். செங்கோலைத் தோளில் தாங்கியபடி, சபை ஒழுங்கைக் காக்கும் அதிகாரியான படைக்கலச் சேவிதர், பின்னால் அங்கியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கூடவே பாதிரியார். அரண்மனையின் நடுக் கூடமான சென்ட்ரல் லாபிக்குள் ஊர்வலம் நுழையும்போது காவல்துறை அதிகாரி ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார்: “அந்நியர்களே, தொப்பியைக் கழற்றுங்கள்!” காவலர்கள் எல்லோரும் சட்டென்று தலைக்கவசத்தைக் கழற்றுவார்கள். அந்நியர்கள் என்றால் வேறு யாருமில்லை, வேடிக்கை பார்க்க வந்த நீங்களும் நானும்தான்.

இப்போதைய சபாநாயகர் லிண்ட்சே ஹாய்ல். இவர் வளர்க்கும் கிளிக்குப் பெயர் போரிஸ், ஆமைக்குப் பெயர் மேகி. இரண்டு முன்னாள் பிரதமர்களின் பெயரை இப்படி வீட்டில் வைத்துக்கொண்டு சபையில் நடுநிலை காக்க அவரால்தான் முடியும்.

முதல் நிகழ்ச்சி பிரார்த்தனை. பார்வையாளருக்கு அனுமதியில்லை, கேமராவும் கிடையாது. எதிரெதிர் வரிசை எம்.பி.க்கள் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறார்கள். அந்தக் காலத்தில் இடுப்பில் வாளோடு மண்டியிட முடியாததால் இருக்கையைப் பார்த்துத் திரும்பினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பக்தியைவிட இங்கே முக்கியமான விஷயம் இருக்கை. உறுப்பினர்கள் 650 பேர், உட்கார இடமோ சுமார் 427 பேருக்குத்தான். 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சபை மண்டபம் எரிந்து போனபோது, பெரிதாகக் கட்டும் வாய்ப்பு இருந்தும் சர்ச்சில் ஒப்புக்கொள்ளவில்லை. நெருக்கடி இருந்தால்தான் விவாதத்தில் சூடு இருக்கும் என்பது அவர் வாதம். ஆகவே காலையிலேயே ஒரு சிறு அட்டையில் பெயரெழுதி இருக்கையில் வைத்து, பிறகு பிரார்த்தனைக்கும் வந்து நின்றால்தான் அன்றைக்கு அந்த இடம் உங்களுடையது. புதன்கிழமைகளில் கடவுள் நம்பிக்கை கூடுவதற்குக் காரணம் இதுவே. அன்று பகல் 12 மணிக்குப் பிரதமர் கேள்வி நேரம்!

வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். வால்கோட்டும் வெள்ளை டையும் அணிந்த வாயிற்காவலரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே மூக்குப்பொடி! சபைக்குள் புகைபிடிப்பதை 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தடை செய்துவிட்டார்கள். அதற்கு ஈடாக எம்.பி.க்களுக்கு இலவசப் பொடி. இன்றும் கேட்டால் கிடைக்கும், கேட்பவர்கள்தான் அபூர்வம்.

அந்த வாசல் கதவுகளையும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், காவலர் விடமாட்டார். 1950-ல் புது மண்டபம் திறந்தபோது காமன்வெல்த் நாடுகள் ஆளுக்கொரு சீர் அனுப்பின. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியாவிலிருந்து, நடு மேசை கனடாவிலிருந்து, அமைச்சர்கள் கையூன்றிப் பேசும் பெட்டிகள் நியூசிலாந்திலிருந்து. கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் கொடுத்தவை. படைக்கலச் சேவிதர் உட்காரும் நாற்காலி இலங்கையின் அன்பளிப்பு. பிரிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த இரு நாடுகளை ஒரே வாசலுக்குக் கதவு கொடுக்க வைத்த அதிகாரி யாராக இருந்தாலும், அவருக்கு ஒரு சல்யூட். அந்த வாசல் வழியாக 2024-ல் உமா குமரன் எம்.பி.யாக உள்ளே போனார். காமன்ஸ் சபைக்குத் தேர்வான முதல் தமிழர் அவர்.

சரி, மனுவுக்கு வருவோம். கேள்வி நேரம் முடிந்து, அமைச்சர்களின் அறிக்கைகள் முடிந்து, மசோதாக்கள் முடிந்து, மணியடித்து எட்டு நிமிடத்தில் கதவைச் சாத்தும் வாக்கெடுப்புகளும் முடிந்து, எம்.பி.க்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் மனுவின் முறை வருகிறது. எம்.பி. எழுந்து சில வரிகள் சொல்லலாம், கோரிக்கையைப் படிக்கலாம். அதன்மேல் விவாதம் கிடையாது. பிறகு மனுவை மேசையில் உள்ள கிளார்க்கிடம் நீட்டுவார். வாய்விட்டுப் படித்தாலும் படிக்காவிட்டாலும், போய்ச் சேருமிடம் அந்தப் பைதான்.

மனுவின் நடைக்கு ஒரு சடங்கு உண்டு. ‘இன்ன ஊர்வாசிகளின் மனு’ என்று தொடங்கும். என்ன குறை என்பதை ‘அறிவிக்கிறது’. அரசை வலியுறுத்தும்படி சபையைக் ‘கேட்டுக்கொள்கிறது’. கடைசியில், ‘மனுதாரர்கள் இங்ஙனம் இருக்கிறார்கள், முதலியன’ என்று முடியும். ‘முதலியன’ என்பதை உண்மையிலேயே அப்படியே வாசிக்கிறார்கள்! பழங்காலத்து நீண்ட பணிவு வாசகங்களெல்லாம் சுருங்கிச் சுருங்கி அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன. கையெழுத்து எத்தனை வேண்டும்? ஒன்று போதும். கொண்டுவரும் எம்.பி.க்கு அந்தக் கோரிக்கையில் உடன்பாடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சபை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் மனு அச்சாகும். இரண்டு மாதத்துக்குள் அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

மனுவை ஏன் நாளின் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள்? வெள்ளம்போல் வந்ததுதான் காரணம். 1843-ல் மட்டும் 33,898 மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து பேசினால் சபை வேறெதையும் செய்ய முடியாது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மனுமேல் விவாதம் கூடாதென்று வாயைக் கட்டிவிட்டார்கள். சபைக்கு நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் தெருவில் நடப்பது சபைக்குள் கேட்கும் சத்தமும் அதோடு குறைந்தது என்றே எனக்குப் படுகிறது.

எவ்வளவு பெரிய சத்தம் அது! 1842 மே 2ஆம் தேதி. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்குச்சீட்டு உட்பட ஆறு கோரிக்கைகளோடு சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் ஒரு மனு கொண்டுவருகிறார்கள். 33 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. தாள்களை ஒட்டிச் சுருட்டினால் ஆறு மைலுக்கு மேல் நீளம். மரச்சட்டத்தில் ஏற்றி, ஆட்கள் மாற்றி மாற்றிச் சுமந்து வெஸ்ட்மின்ஸ்டர் வந்தால், வாசலுக்குள் மனு நுழையவில்லை! கதவு நிலையைப் பெயர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் நுழையவில்லை. கடைசியில் மனுவைப் பிரித்துக் கட்டுக்கட்டாக உள்ளே கொண்டுபோய்த் தரையில் குவித்தார்கள். இத்தனை பாடுபட்டும், மனுதாரர்கள் வந்து பேசலாமா என்ற தீர்மானம் 49-க்கு 287 வாக்கில் தோற்றது.

1848-ல் மறுபடி வந்தார்கள். இம்முறை ஊர்வலத்துக்குத் தேம்ஸ் பாலத்தைக் கடக்க அனுமதியில்லை. மூன்று குதிரை வண்டிகளில் மனு மட்டும் போனது. 57 லட்சம் கையெழுத்து என்றார்கள். சபைக் கிளார்க்குகள் உட்கார்ந்து எண்ணி, 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று அறிக்கை கொடுத்தார்கள். அதிலும் விக்டோரியா மகாராணி, வெலிங்டன் பிரபு, பொம்மலாட்டத்து மிஸ்டர் பஞ்ச் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள்! லண்டனே சிரித்தது. ஆனால் அந்த ஆறு கோரிக்கைகளில், ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் பின்னாளில் சட்டமாகிவிட்டன.

எனக்குப் பிடித்த கதை 1866-ல் நடந்தது. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று ஏறக்குறைய 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனு. எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் அதைச் சுமந்துகொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்கு வருகிறார்கள். சபையில் கொடுக்க வேண்டியவர் தத்துவவாதி எம்.பி. ஜான் ஸ்டூவர்ட் மில். அவரைக் காணோம். இவ்வளவு பெரிய சுருளோடு நிற்பதை எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டு, அவர் கடைக்கடியில் மனுவை ஒளித்து வைத்தார்கள். மில் வந்தார். சுருளைக் கையில் வாங்கியதும் உற்சாகம் தாங்காமல் ஆட்டிக் காட்டினாராம். அந்தக் கோரிக்கை ஆண்களுக்கு நிகராக முழுதும் நிறைவேற 1928 ஆயிற்று. அந்த ஆப்பிள்கார அம்மா வரலாற்றுப் புத்தகத்தில் இன்னும் இரண்டு வரியாவது பெற்றிருக்க வேண்டியவர்.

இன்றைய கூட்டமெல்லாம் இணையத்தில். 2015 முதல் காமன்ஸ் சபையில் 11 எம்.பி.க்கள் கொண்ட மனுக்கள் குழு இயங்குகிறது. மனு தொடங்குபவர் தன்னுடன் ஐந்து பேரைச் சேர்த்தால் போதும், சரிபார்த்து வலையேற்றுவார்கள். ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதைக் குழு பரிசீலிக்கும். விவாதம் பெரும்பாலும் திங்கட்கிழமை மாலை 4.30-க்கு. நம்மூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசை நிற்பதும் திங்கட்கிழமைதான் என்பது நினைவுக்கு வந்து, எனக்கு ஏனோ சந்தோஷம் பொங்கியது.

ஒரு சின்ன ஏமாற்றம். ‘வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தத் தொள்ளாயிரம் ஆண்டு மண்டபத்தைக் கற்பனை செய்துகொண்டு போவீர்கள். நடப்பதோ அதற்குப் பக்கத்து அறையில், குதிரை லாட வடிவில் போட்ட இருக்கைகளில். முடிவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்காது. ‘இந்த மனுவைச் சபை கருத்தில் கொண்டது’ என்பதோடு சரி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போக வேண்டாம் என்று 2019-ல் 61 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். கூட்டம் தாங்காமல் வலைத்தளமே படுத்துவிட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி விவாதித்தார்கள். கருத்தில் கொண்டார்கள். பிரிட்டன் வெளியேறிவிட்டது.

எண்ணிக்கையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். மூளைக் கட்டி ஆராய்ச்சிக்கு நிதி போதவில்லை என்ற மனுவில் அந்த 61 லட்சத்தின் ஐம்பதில் ஒரு பங்கு கையெழுத்துகூட இல்லை. அதைத்தான் புதிய குழு தன் முதல் விசாரணையாக எடுத்தது. நோயாளிகளையும் குடும்பத்தினரையும் கேட்டு 2016-ல் கடுமையான அறிக்கை கொடுத்தது. அந்த நோயோடு போராடிய முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் 2018 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் பேசிய பேச்சும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டு அரசு பணம் ஒதுக்கியது. வேலையிடத்தில் பெண்களை ஹைஹீல்ஸ் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்னொரு மனு, ஒன்றரை லட்சம் கையெழுத்து. இருக்கும் சட்டமே போதும் என்று அரசு தட்டிக் கழித்தது. ஆனால் எம்.பி.க்கள் குடைந்த குடைச்சலில், 2018-ல் முதலாளிகளுக்கு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது.

நிராகரித்த மனுக்களையும், அவதூறு போன்றவை தவிர, காரணத்தோடு மனுக்கள் வலைத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘இது அரசின் பொறுப்பல்ல’, ‘இதே கோரிக்கை ஏற்கெனவே இருக்கிறது’ என்று பட்டியல் நீள்கிறது. இரவில் தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன், அதன்பிறகு தூங்கவே மாட்டீர்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கேலரியில் உட்கார்ந்து விவாதம் பார்க்கக் கட்டணமில்லை. புதன்கிழமை 12 மணிக்கு முட்டி மோதாதீர்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலின் அடிப்பகுதியில் ‘மனுக்கள்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் போங்கள். சென்ட்ரல் லாபி ஜன்னல்களில் இருக்கும் உலோகத் தட்டியைப் பார்க்கத் தவறாதீர்கள். ஒரு காலத்தில் பெண் பார்வையாளர்களை மறைத்து வைத்த தட்டி அது. 1908-ல் இரண்டு வாக்குரிமைப் போராளிகள் சங்கிலியால் தங்களை அதில் பிணைத்துக்கொண்டு முழக்கமிட, பூட்டைக் கழற்ற முடியாமல் தட்டியோடு சேர்த்தே அவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே நிற்கும் உதவியாளரிடம் தொகுதிவாசி யாரும் பச்சை அட்டை வாங்கி நிரப்பி, தன் எம்.பி.யை வெளியே வரச் சொல்லிக் கேட்கலாம். மேலே போனால், மனு முடிந்து, சபையை அன்றைக்கு ஒத்திவைக்குமுன் நடக்கும் அரைமணி நேர ஒத்திவைப்பு விவாதம். ஒரு எம்.பி., ஒரு அமைச்சர், சுற்றிலும் காலிப் பச்சை இருக்கைகள். கடைசியில் வாயிற்காவலர்கள் கட்டடமே அதிரக் கத்துவார்கள்: “வீட்டுக்குப் போவது யார்?” வழிப்பறித் திருடர்களுக்குப் பயந்து எம்.பி.க்கள் கூட்டமாகச் சேர்ந்து வீடு போன காலத்துக் கூப்பாடு என்கிறார்கள். நீங்களும் சேர்ந்து கிளம்புங்கள், கடைசி ரயிலுக்கு நேரமாகிவிடும்.