நொச்சி சூடிய அணில்

பண்டைத் தமிழர் போரினை வகுத்துரைத்த முறையில், பகைவரது மதிலை வளைந்துகொள்வோர் உழிஞை சூடுவர். உள்ளிருந்து அதனைக் காப்போர் நொச்சி சூடுவர். இவ்விரண்டனுள் நொச்சியைத் தொல்காப்பியனார் தனித் திணையாக வையாது உழிஞையினுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ அதனை வேறு திணையாகப் பிரித்து நிறுத்தினார். காத்தல் என்பது தாக்குதலின் மறுபுறமேயா, அன்றித் தனியே நிற்கவல்ல ஒரு தொழிலா என்னும் இவ்வினா வகுப்பில் எழுந்தபோது நாம் அதனைப் பெரிதாக எண்ணினோம் அல்லேம். அன்றிரவு விடுதியிலே தோழர் ஒருவருடன் போக்கிமான் விளையாட்டு ஆடி, அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றபின்னரே அவ்வினா மீண்டும் வந்து நம்மைப் பற்றிக்கொண்டது. அத்தோல்விக்குக் காரணமான ஓர் அணிலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

போக்கிமான் என்பது 1996ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றிய வீடியோ விளையாட்டு. விந்தையான உயிர்களைப் பிடித்து, வளர்த்து, பிறருடைய உயிர்களோடு பொருதச் செய்வதே இதன் சாரம். சிறுவர்க்குரியது என்று இதனை ஒதுக்குவோர், உலகப் போட்டிகளில் ஆடப்படும் முறையை ஒருமுறை கூர்ந்து நோக்குவாராக. அங்கே வீரர் ஒவ்வொருவரும் ஆறு உயிர்களைக் கொண்டுவந்து, அவற்றுள் நான்கினை அவ்வாட்டத்திற்கெனத் தெரிந்தெடுத்து, இவ்விரண்டாகக் களத்தில் நிறுத்துவர். இருவரும் தத்தம் கட்டளையை ஒருவர்க்கொருவர் தெரியாது இட்டபின் அவை வரிசைப்படி நிறைவேறும். ஆகவே எதிரி யாது செய்வான் என்று முன்னறிந்து அதற்கேற்ப நடத்தலே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. இவ்வாறு இரண்டிரண்டாகப் பொரும் முறை 2002இல் வெளிவந்த ரூபி, சபையர் என்னும் விளையாட்டுக்களில் வந்தது. துணைநின்று காக்கும் உயிர்க்கு மதிப்பு வந்ததும் அதன் பின்னரே. ஒன்றோடொன்று தனித்துப் பொருமிடத்தில் பக்கத்தே காக்கப்படுவார் எவருமிலர் அன்றோ?

நாம் கூறவந்த அணிலின் பெயர் பச்சிரிசு. பெயர் கேட்டவுடன் நம்மவர்க்கு அடுக்களைப் பச்சரிசி நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் ஜப்பானிய மொழியில் ‘பச்சி பச்சி’ என்பது பொறி சிதறும் ஒலியைக் குறிக்கும் ஓர் இரட்டைக்கிளவி. ‘ரிசு’ என்பது அணில். கன்னங்களில் மின்சாரம் சேர்த்துவைக்கும் இவ்வெள்ளணில் 2006இல் வெளிவந்த டயமண்ட், பெர்ல் விளையாட்டுக்களில் தோன்றிற்று. உயிராற்றல், தாக்குவலி, காப்புவலி, விரைவு முதலிய ஆறு பண்புகளின் கூட்டுத்தொகையால் ஓர் உயிரின் பிறவி வலிமையை அளப்பது ஆடுவோர் வழக்கம். அவ்வளவையில் கார்சோம்ப் என்னும் பறழியின் தொகை 600. கியாரடோஸ் என்னும் கடற்பாம்பின் தொகை 540. நம் அணிலுக்கோ 405. இதனால் பல்லாண்டுகள் இதனை அழகிற்காக வளர்த்தாரேயன்றிப் பெரும்போருக்கென்று எடுத்தார் மிகச் சிலரே. நாமும் இதனைப் பெட்டியில் அடைத்துவைத்து மறந்தவர்களே.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க நாட்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரிய வீரர் பார்க் செ-ஜுன் இவ்வணிலைத் தம் அறுவருள் ஒன்றாகக் கொண்டுவந்தார். மற்றை ஐவர் கியாரடோஸ், கார்சோம்ப், கார்டிவாயர், டேலன்ஃபிளேம், கோதிடெல் என்பன. அமெரிக்க வீரர் ஒருவரை இறுதியாட்டத்தில் வென்று அவர் உலக வீரரானார். பார்த்திருந்தோர் ஆரவாரித்தனர், ‘எளியது வென்றது’ என்று அன்றுதொட்டு இன்றுவரை இக்கதை பேசப்படுகிறது. இராமர் அணை கட்டியபோது மணல் சுமந்த அணிலை இதனோடு ஒப்பிட நம் நாவும் துடித்தது. ஆயின் அவ்வொப்புமை பொருந்தாது. அவ்வணிலின் உதவி அன்பினால் பெரிதாயிற்று. இவ்வணிலின் உதவியோ முற்றிலும் கணக்கினால் பெரிதாயிற்று. அக்கணக்கைச் சிறிது விரித்துரைப்பாம்.

முதற்கண் கியாரடோஸை நோக்குவாம். அது நீரினமும் பறவையினமும் சேர்ந்த உயிராதலின், மின்னினத் தாக்குதல் அதன்மேல் நான்கு மடங்கு உறைக்கும். மெகா உருவம் எடுத்தால் பறவையினம் நீங்கி இருளினம் சேர்தலின் அது இரண்டு மடங்காகக் குறையும். எனினும் அச்சம் தீராது. ஒரு முறை தடையின்றி நிற்கப் பெறின், ‘டிராகன் டான்ஸ்’ என்னும் ஆட்டத்தால் தன் தாக்குவலியையும் விரைவையும் உயர்த்திக்கொண்டு களம் முழுவதையும் வாரிக்கொள்ள வல்லது அது. அந்த ஒரு முறையை அதற்குப் பெற்றுத் தருபவர் யார் என்பதே வினா.

அணிலின் முதற் படைக்கலம் ‘ஃபாலோ மீ’. என்பால் வருக என எதிரிகளை அழைப்பது போன்றது இது. அம்முறையில் எதிரிகள் துணைவனை நோக்கி விடுத்த ஒற்றைத் தாக்குதல்கள் யாவும் அணில்மேலேயே வந்து விழும். இச்செயல் ஏனைய பொதுச் செயல்களுக்கு முன்னரே நடைபெறுமாறு விதிக்கப்பட்டிருத்தலின், எதிரி எத்துணை விரைந்தோனாயினும் தப்பவியலாது. இனி, அணிலின் உடன்பிறந்த இயல்பு ‘வோல்ட் அப்சார்ப்’. மின்னினத் தாக்குதல் அதன்மேல் பட்டால் துன்பம் விளையாதது மட்டுமன்று, அதன் முழு உயிராற்றலில் நாலிலொரு பங்கு மீண்டும் ஊறும். இவ்விரண்டையும் கூட்டிப் பார்மின்! கியாரடோஸை வீழ்த்தவென்று விடுத்த இடியே அணிலுக்கு உணவாகின்றது. விரைவைக் கெடுக்கும் ‘தண்டர் வேவ்’ வந்தாலும் அப்படியே. ரோட்டம், சாப்டோஸ் முதலிய மின்னுயிர்களை உடைய எதிரி இதனைக் கண்டபின் தன் கைக்கருவியையே எடுக்கத் தயங்குவான்.

இதே தொழிலை அமூங்கஸ் என்னும் காளானும் செய்யும். அதன் உயிராற்றலும் அணிலினுடையதினும் மிகுதி. பின் பார்க் அதனை ஏன் விடுத்தார் என்பார்க்கு விடை அவ்வாண்டின் களத்திலேயே உள்ளது. அக்காலத்தில் டேலன்ஃபிளேம் என்னும் தீப்பறவை பலருடைய குழுவிலும் இருந்தது. தன் இறகடியைப் பிறர்க்கு முந்தி அடிக்கும் பேறு அதற்கிருந்தது. அவ்வடி காளானுக்கு இரு மடங்கு உறைக்கும். மின்னினமாகிய அணிலுக்கோ பாதியே உறைக்கும். மேலும் காளான் தூவும் பொடி, புல்லின உயிர்களையும் காப்புக் கண்ணாடி அணிந்தோரையும் ஈர்க்காது. அணிலின் அழைப்புக்கு அத்தகைய விலக்கில்லை. அணிலை அஞ்சுவிப்பது நிலவினம் ஒன்றே. பார்க் அழகு நோக்கி எடுத்தார் என்பது கதை விரும்புவோர் கூற்று. அவ்வாண்டு விதிப்படி கலோஸ் நாட்டுப் பட்டியலில் உள்ளனவே ஆடற்குரியன. அப்பட்டியலினுள் இவ்வொரு தொழிற்கு இதனினும் ஏற்றது நமக்குத் தோன்றவில்லை.

எளிய உடலை வலியதாக்கியது எங்ஙனம் என்பதையும் கூறவேண்டும். பயிற்சியால் ஓர் உயிர்க்குக் கூட்டத்தகும் புள்ளிகள் 510. ஒரு பண்பிற்கு 252க்கு மேல் ஏறா. தாக்குவலியில் ஒன்றும் செலவிடாது, உயிராற்றலுக்கும் காப்புவலிக்குமே அவற்றை நிறைத்து, காப்பினை உயர்த்தும் குணமுடைய அணிலாகவும் தெரிந்தெடுத்தால், 50ஆம் நிலையில் பயிற்சியின்றி 135ஆக நின்ற உயிராற்றல் 167 ஆகும். 90ஆக நின்ற காப்புவலி 134 ஆகும். உயிராற்றல் பாதியாகக் குறைந்தவுடன் கையிலுள்ள சிட்ரஸ் கனியை உண்டு மேலும் நாலிலொரு பங்கு, அஃதாவது 41, மீளப் பெறும். ஒரே அடியில் வீழும் என எண்ணி வந்தவன் இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் அடிக்க வேண்டியவனாகின்றான். அங்ஙனம் அவன் வீணாக்கிய ஒவ்வொரு முறையும் கியாரடோஸுக்குக் கிடைத்த முறையே.

அடிக்கவும் இவ்வணில் அறியாததன்று. ‘சூப்பர் ஃபேங்’ என்னும் கடி, தாக்குவலி எத்துணையாயினும் எதிரிக்கு அப்பொழுதுள்ள உயிராற்றலில் சரிபாதியை வாங்கிவிடும். 200 உடையவனிடம் 100ஐப் பறித்தற்கு வலிமை வேண்டாவாம்! ‘நஸ்ஸில்’ என்பது கன்னத்தை உரசி எதிரியை முடக்குவது. அக்காலத்து விதிப்படி முடங்கியவனது விரைவு நாலிலொன்றாகும். நான்காவது ‘புரொடெக்ட்’, அஃதாவது ஒருமுறை தன்னை முழுதும் மூடிக்கொள்வது. இதனை அடுத்தடுத்து இட்டால் பெரும்பாலும் பொய்க்கும்.

இக்காவலில் ஓட்டைகளும் உள. நிலநடுக்கம், பாறைச் சரிவு, வெப்ப அலை போன்று ஒரேயடியில் பலரையும் தாக்குவனவற்றை அணில் தன்பால் ஈர்க்கவியலாது. ‘ஃபேக் அவுட்’ என்னும் திடீர்க் கைத்தட்டு அணிலின் அழைப்புக்கும் முந்தியதாதலின், அது பட்ட முறையில் அணில் திகைத்து வாளாநிற்கும். அதனை அவ்வாண்டு பெரிதும் வழங்கிய காங்கஸ்கான் அறியும். ஆகலின் முதல் முறையில் அழைப்பதா, மூடிக்கொள்வதா என்பதே இதனை ஆடுவோர்க்கு நேரும் கடுஞ்சோதனை. இங்கே தவறியவர்க்குப் பின்னர் ஆட்டம் பெரும்பாலும் இல்லை.

நாம் தவறியது வேறிடம். பார்க்கின் குழுவில் கார்சோம்பும் இருந்ததைப் பட்டியலில் கண்டு, கார்சோம்பின் பக்கத்தே அணிலை நிறுத்தினோம். கார்சோம்ப் நிலவினம், மின் அதனைத் தீண்டவே தீண்டாது. எனவே அணில் உண்பதற்குரிய இடியொன்றும் அப்பக்கம் வரவேயில்லை. அதுவுமன்றி, நாம் ஏவிய கார்சோம்பின் நிலநடுக்கம் எதிரியிருவரையும் தாக்கியதோடு நில்லாமல் நம் அணிலையும் இரு மடங்காகத் தாக்கிற்று. எதிரி கைவைக்குமுன் நம் காவலனை நாமே வீழ்த்தினோம். தோழர் நகைத்த நகையை இங்கு வருணிக்க விரும்பவில்லை. ஆறு பெயர்களைப் பார்த்து எழுதிக்கொண்டோமேயன்றி, அவற்றுள் எது எதனோடு நிற்பதென்று எண்ணிப்பார்த்தோம் அல்லேம். இவ்வளவில் நாம் தொல்காப்பியனார் பக்கமே நிற்கின்றோம். ஐயனாரிதனார் நம்மைப் பொறுப்பாராக! தாக்குவோன் ஒருவனுக்கு எது வேண்டும் என்பதிலிருந்தே காப்போனது தொழில் பிறக்கின்றது. தனியே எடுத்து அளந்தால் அது 405ஏ.

ஆண்டுகள் செல்ல, களமும் விதிகளும் மாறின. 2016இல் வெளிவந்த சன், மூன் விளையாட்டுக்களில் தோன்றிய இன்சினரோர் என்னும் பூனை, களம் புகுந்தவுடனே எதிரியிருவரின் தாக்குவலியையும் தாழ்த்தித் துணைவரிடையே பேர்பெற்றது. பட்டியல் விரியுந்தோறும் அணிலின் இடம் சுருங்கிற்று. எனினும் விடுதியில் நாம் ஆடுவது 2014ஆம் ஆண்டு விதிப்படியே.

மறுநாள் இரவு கார்சோம்பை விடுத்துக் கியாரடோஸையும் அணிலையும் சேர்த்து அனுப்பினோம். தோழரிடம் சாப்டோஸ் இருந்தது. முந்தைய நாளின் நகை இன்னும் அவர் முகத்தில் இருந்தது. முதல் முறையில் இடி விடுத்தார், அணில் உண்டது. பின்பு கியாரடோஸை மறந்து, சினந்து, அணிலையே குறிவைத்தார். ஒருமுறை அடித்தார், கனியைத் தின்றது. மற்றொருமுறை அடித்தார், அப்போதும் விழவில்லை. மூன்றாம் அடியில் அணில் வீழ்ந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். கியாரடோஸ் அதற்குள் இருமுறை ஆடி முடித்திருந்தது.